சேர்ந்திசை கேட்கப் பழகுவோம்: செஞ்சியின் செவிக்கு ஓர் அறிமுகம்

(செஞ்சியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இசை பற்றிப் பேச வேண்டும், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது புரிய வேண்டும் என்று இந்த மேடைக்கு அழைத்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நல்ல நிபந்தனை. அதை மனத்தில் வைத்து, மேலைச் சேர்ந்திசைக் குழுவின் கருவிகளை ஒவ்வொன்றாக உங்களுக்கு அறிமுகம் செய்ய வந்திருக்கிறேன். திருவிழாக்களில் திரைப்பாடல் பாடும் மெல்லிசைக் குழுவையும் நாம் ஆர்கெஸ்ட்ரா என்று அழைக்கிறோம். இன்று நான் பேசுவது எண்பது, நூறு கலைஞர்கள் ஒரே மேடையில் அமர்ந்து சிம்பொனி வாசிக்கும் பெருங்குழுவைப் பற்றி.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 2025 மார்ச் 8 அன்று லண்டன் எவென்டிம் அப்போலோ அரங்கில், ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. பண்ணைப்புரத்தில் பிறந்த ஒருவர் நான்கு பகுதிகளாக எழுதிய இசை அது. தமிழ்நாடே பெருமைப்பட்டது, பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்த மேடையின் இடப்பக்கம் அமர்ந்திருப்பவர்கள் கையில் இருப்பது என்ன, பின்வரிசையிலிருந்து எழும் கனத்த ஓசை எதனுடையது என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? ஒரு படைப்பாளிக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை, அவர் எழுதியதைக் காது கொடுத்துக் கேட்பது. அப்படிக் கேட்கக் கருவிகளின் குரல் பிடிபட வேண்டும்.

அது நகரத்தாருக்கு மட்டும் வாய்க்கும் அறிவு என்று யாரும் எண்ண வேண்டாம். ஓசை பிறக்கும் வழிகள் மிகச் சில. தந்தி அதிர்ந்து பிறக்கும். சீவாளி அதிர்ந்து பிறக்கும். ஊதுகிறவரின் உதடு அதிர்ந்து பிறக்கும். குழலின் விளிம்பில் காற்று மோதிப் பிறக்கும். தோலும் உலோகமும் அடிபட்டுப் பிறக்கும். செஞ்சி வட்டாரத்தில் ஓர் ஆண்டு முழுவதும் நடக்கும் திருவிழாக்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு இத்தனையும் பழக்கமானவை. அந்தப் பழக்கத்தைச் சாவியாக வைத்துக்கொண்டு சேர்ந்திசையின் கதவைத் திறக்கலாம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

கோட்டைகள் வழியே வந்தவை

நம் கோட்டையை 1677இல் சிவாஜி கைப்பற்றினார். நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர் பிடித்தனர். 1750இல் பிரெஞ்சுப் படை ஏறியது. 1761இல் ஆங்கிலேயர் வசமானது. 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தளங்களின் வரிசையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த வரிசையில் உள்ள 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். கோட்டை இருந்த இடத்தில் படை இருந்தது. படை இருந்த இடத்தில் முரசும் ஊதுகொம்பும் இருந்தன. ஐரோப்பியக் கருவிகளும் தமிழ்நாட்டுக்குள் பெரும்பாலும் கோட்டைகள் வழியாகவும் அரண்மனைகள் வழியாகவுமே நுழைந்தன.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசையை முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் வாழ்ந்த காலத்தில் கேட்டது. புரவலர் மணலி சின்னையா முதலியாரின் ஆதரவில், தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். பின்னாளில் அவர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். அண்ணனோ அந்தப் பேண்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அவை அப்படிப் பிறந்தவைதாம். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே பேண்டு வைத்திருந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இருநூறு ஆண்டுகளாக இந்தக் கருவிகள் நம்மோடு இருக்கின்றன.

தந்திக் கருவிகள்

சேர்ந்திசைக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வில்லோடு இருப்பார்கள். பெரிய குழுவில் வயலின் முப்பது வரை, வயோலா பன்னிரண்டு, செல்லோ பத்து, டபுள் பாஸ் எட்டு என்பது வழக்கமான அளவு. நான்கும் ஒரே குடும்பம். உருவம் வளர வளரக் குரல் தாழும்.

வயலினை நீங்கள் அறிவீர்கள். நான்கு தந்திகள், குதிரைவால் மயிர் கட்டிய வில், அந்த மயிர் தந்தியைப் பற்றி இழுப்பதற்குப் பூசும் ரோசின் என்ற பிசின். கர்நாடக இசைக் கலைஞர் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் தலையை வலக்காலில் ஊன்றி, தந்திகளைச்  ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கிறார். மேலைக் கலைஞர் கருவியை மோவாய்க்கும் தோளுக்கும் இடையே பிடிக்கிறார். அவருடைய தந்திகள் ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து ச-ப இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். நாம் தந்தியின் மேல் விரலை வழுக்கிக் கமகம் எடுக்கிறோம். அவர்கள் ஒரே சுரத்தில் நின்று விரலை நடுங்கவைத்து அதற்கு உயிர் கொடுக்கிறார்கள்.

வயோலா பார்வைக்கு வயலின்போலவே இருக்கும், சற்றுப் பெரியது. குரல் வயலினைவிட ஐந்து சுரம் கீழே. தொண்டை கனத்த, கொஞ்சம் மூடிய ஓசை. முதன்முதலில் கேட்பவர் தவறவிடுவது இதைத்தான். செல்லோ, அமர்ந்து முழங்கால்களுக்கு இடையே வைத்து வாசிப்பது. ஆண்குரலின் ஆழமும் பெண்குரலின் உச்சியும் இரண்டும் அதற்கு எட்டும். டபுள் பாஸ் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். நின்றோ உயர்ந்த முக்காலியில் அமர்ந்தோ வாசிப்பார்கள். அதன் ஓசை பல நேரம் காதுக்குத் தனியாகத் தெரியாது. அது நின்றுவிட்டால் மட்டும் இசையின் அடித்தளமே போய்விட்டது என்று உடனே தெரியும்.

ஏன் இத்தனை வயலின்? ஒரே சுரத்தை முப்பது பேர் வாசிக்கும்போது ஒவ்வொருவரிடமும் நூலிழை அளவு வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாடுகள் கலந்து, ஒற்றை வயலினில் வராத மென்மையும் அகலமும் பிறக்கின்றன. தேர் வடம் பிடிக்கும்போது இழுப்பவர் யார் என்று தெரியாது, தேர் நகர்வது மட்டும் தெரியும். வயலின் கூட்டமும் அப்படித்தான். 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு' பாடல் தொடங்கும்போது வில்கள் சேர்ந்து பாய்வதைக் கேளுங்கள். கூட்டு வயலின் என்றால் என்ன என்பது அந்தச் சில நொடிகளில் விளங்கிவிடும்.

ஹார்ப் என்ற கருவியும் சில நேரம் மேடையில் இருக்கும். 47 தந்திகள், காலால் மிதிக்க ஏழு மிதிகள். நம் யாழின் இனம் அது. வழக்கொழிந்த யாழை ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். நம் கையிலிருந்து போன கருவியின் உறவு ஒன்று மேலைநாட்டு மேடையில் இன்றும் ஒலிக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

குழலும் சீவாளியும்

தந்திகளுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்கள் குழல் கலைஞர்கள். இங்கேதான் செஞ்சிக்காரருக்குப் பெரிய சொந்தம் இருக்கிறது.

புல்லாங்குழலில் சீவாளி இல்லை. துளையின் விளிம்பில் காற்று மோதியே ஒலி பிறக்கிறது. நம்முடையது எட்டுத் துளை கொண்ட மூங்கில். விரல் நேராகத் துளையை மூடும். அவர்களுடையது இன்று பெரும்பாலும் வெள்ளி போன்ற உலோகத்தால் ஆனது. தியோபால்ட் பேம் என்ற ஜெர்மானியர் 1847இல் வடிவமைத்த சாவிகளே இன்றும் அதில் துளைகளை மூடுகின்றன. உலோகத்தால் செய்தாலும் அதை மரக்குழல் வரிசையிலேயே வைக்கிறார்கள். குழுவில் அதன் பழைய இடம் அது. அதைவிடச் சிறிய பிக்கொலோ, முழுக்குழுவின் முழக்கத்துக்கும் மேலே தனியாகக் கேட்கும்.

அடுத்தது ஓபோ. இரண்டு தட்டைகளைச் சேர்த்துக் கட்டிய சீவாளி, கூம்பாக விரியும் குழல். இந்த இரண்டும் நாயனத்திலும் உண்டு. நம் கூத்து மேடையின் முகவீணையிலும் உண்டு. ஓபோ இவர்களின் தூரத்துச் சகோதரன். நம் நாயனக்காரர் கொருக்கைத் தட்டையில் சீவாளி செய்து, கருவியிலேயே மாற்றுச் சீவாளிகளைத் தொங்கவிட்டிருப்பார். ஓபோ கலைஞர்களில் பலரும் நாணல் இனத் தட்டையை வாங்கி, கத்தியால் சீவிச் சீவித் தமக்கான சீவாளியைத் தாமே செய்துகொள்கிறார்கள். வேறுபாடு அளவிலும் பயன்பாட்டிலும் இருக்கிறது. நாயனம் திறந்த வெளியில், தேரோடும் வீதி முழுவதும் கேட்பதற்கான குரல். ஓபோ அரங்குக்கு ஏற்ப மெலிந்த குரல். ஆனாலும் எந்தக் கூட்டத்திலும் தனித்துத் தெரியும் அந்தக் கூர்மை அதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் நிகழ்ச்சி தொடங்குமுன் ஓபோ ஒற்றைச் சுரத்தை நீட்டி வாசிக்க, குழு முழுவதும் அதற்குத் தன்னைச் சேர்த்துக்கொள்கிறது. நொடிக்கு 440 அதிர்வு என்பது அந்தச் சுரத்துக்கு உலக அளவில் வகுத்த அளவு.

கிளாரினெட்டில் ஒற்றைத் தட்டைதான். 1700ஐ ஒட்டி நியூரம்பெர்க்கில் யோகான் கிறிஸ்டோஃப் டென்னர் உருவாக்கியது. அதன் குழல் பெரும்பகுதி ஒரே பருமனில் போகும். நாயனத்தில் காற்றை அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். கிளாரினெட்டில் அழுத்தினால் ஒரு ஸ்தாயியையும் தாண்டி அடுத்த பஞ்சமத்துக்குப் போகும். குழலின் வடிவம் செய்யும் வேலை அது. கீழே இருண்ட குரல், மேலே பளிச்சென்ற குரல் என்று ஒரே கருவியில் இரண்டு ஆட்கள் இருப்பதுபோல் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையின் சதிர்க் கச்சேரியில் முகவீணை இருந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்தது. பின்னர் ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுநேர ராக ஆலாபனை செய்து, தமிழ்க் கருவியாகவே ஆக்கிவிட்டார். சதிர் மேடையை விட்டுப் போன முகவீணையை நம் பகுதிக் கூத்துக் குழுக்களான ஜமாக்கள் காத்துவந்திருக்கின்றன என்பதையும் இந்த அவையில் நன்றியோடு சொல்ல வேண்டும்.

பசூன், சீவாளிக் குடும்பத்தின் பெரியவர். ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளக் குழலை மடித்துச் செய்தது. அடிவயிற்றிலிருந்து வரும் அதன் குரலால் பேரன்பையும் சொல்ல முடியும், குறும்பையும் சொல்ல முடியும்.

உதட்டால் பேசும் பித்தளை

கொம்பு, எக்காளம், திருச்சின்னம், சங்கு. இவற்றில் சீவாளி கிடையாது. ஊதுகிறவரின் உதடே அதிர்கிறது. டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா எல்லாம் இதே வழியில்தான் ஒலிக்கின்றன. கல்யாண ஊர்வலத்தில் வரும் பேண்டு செட்டில் டிரம்பெட்டையும் யூஃபோனியத்தையும் நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்திருப்பீர்கள்.

கொம்பில் சில சுரங்கள் மட்டும் வரக் காரணம் என்ன? ஒரே நீளக் குழலில், உதட்டை எவ்வளவு இறுக்கினாலும் இயற்கை அனுமதிக்கும் சில படிகளில் மட்டுமே ஒலி ஏறும். ஐரோப்பாவின் டிரம்பெட்டுக்கும் பல நூற்றாண்டுகள் இதே கட்டுப்பாடு இருந்தது. 1818இல் ஸ்டோல்ட்செல், ப்ளூமெல் என்ற இரு ஜெர்மானியர்கள் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். வால்வை அழுத்தினால் காற்று கூடுதலான ஒரு சிறு குழாயையும் சுற்றிவரும், குழலின் நீளம் கூடும், சுரம் இறங்கும். மூன்று வால்வுகளை மாற்றி மாற்றிச் சேர்த்து எல்லாச் சுரங்களையும் எடுத்துவிடலாம். டிராம்போனுக்கு வால்வு தேவையில்லை. நீட்டி மடக்கும் குழாயால் நீளத்தை மாற்றுகிறார்கள். நம் கமகத்தைப் போல இடைவெளியில்லாமல் வழுக்கிப் போவது அதற்கு எளிது.

டிரம்பெட்டின் குழாயை நீட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். சுருண்டு கிடக்கும் ஹார்னை நீட்டினால் மூன்றரை மீட்டருக்கு மேல். டியூபா அதையும் மிஞ்சும். ஹார்ன் கலைஞர் வலக்கையைக் கருவியின் விரிந்த வாயான அணசுக்குள் வைத்து வாசிப்பார். அதனால் அந்த ஒலி மலைக்கு அப்பாலிருந்து வருவதுபோல் வட்டமாக, மெத்தென்று கேட்கும். மூன்றே டிராம்போன்கள் முப்பது வயலின்களை மூடிவிடக்கூடியவை. எனவேதான் பித்தளை பின்னால் அமர்கிறது, எண்ணிக்கையும் குறைவு. நல்ல இசையமைப்பாளர் அதை எப்போது வாய் மூடியிருக்கச் சொல்கிறார் என்பதிலும் அவர் திறமை தெரியும்.

தோலும் உலோகமும்

கடைசி வரிசையில் டிம்பனி. செம்புக் குடத்தின் மேல் தோல் போர்த்திய முரசு. இரண்டு முதல் ஐந்து வரை சுற்றி வைத்து ஒருவரே வாசிப்பார். இதன் வரலாறு நம்மைப் போன்ற கோட்டை ஊர்க்காரர்களுக்கு நெருக்கமானது. மேற்காசியாவின் சிறு நகராக்கள் 13ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர்க் காலத்தில் ஐரோப்பாவுக்குச் சென்றன. குதிரைமேல் ஏற்றும் பெரிய வகை பிறகு போனது. முகலாயர், மராட்டியர் படைகளின் முன்னே முழங்கிய நகராவும் டிம்பனியும் ஒரே வேரின் கிளைகள். பெருமுரசு, கைத்தாளம் போன்ற சிம்பல், முக்கோணக் கம்பி ஆகியவையும் துருக்கிப் படை இசையின் வழியாகவே ஐரோப்பியக் குழுவுக்குள் வந்தவை. ஹைடன் 1794இல் முடித்த நூறாவது சிம்பொனியில் அவற்றைக் கேட்கலாம். சேர்ந்திசை மேடையின் இந்தத் தாள வரிசையில் பெரும்பகுதி கிழக்கிலிருந்து போனது என்றே சொல்லலாம்.

டிம்பனிக்குச் சுருதி உண்டு. பறையை நெருப்பில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுகிறோம். மிருதங்கத்தைத் தட்டிச் சுருதி சேர்க்கிறோம். டிம்பனிக் கலைஞர் காலால் மிதியை அழுத்தித் தோலை இழுக்கிறார். இசை நடந்துகொண்டிருக்கும்போதே தோலின் அருகே காதை வைத்து அவர் சுருதி பார்ப்பதை நீங்கள் காணலாம். பம்பை, உடுக்கை வாசிப்பவர்களுக்கு அந்தக் கவனத்தின் அருமை தெரியும்.

ஒன்றைப் பிடித்துக் கேட்பது

இத்தனை ஒற்றுமை சொன்னேன். வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் கச்சேரியில் ராகம் ஒரே கோடாக ஓடும். பாடகர் போகும் வழியில் வயலின் பின்தொடரும். தம்புராவோ ஒத்தோ ஆதார சுருதியை விடாது பிடித்திருக்கும். கூத்திலும் வாத்தியார் பாட, ஆர்மோனியப் பெட்டியும் முகவீணையும் பின்பாட்டும் அதே மெட்டில் போகும். சேர்ந்திசையில் ஒரே நேரத்தில் பல கோடுகள் ஓடும். வயலின் ஒன்று சொல்லும். செல்லோ வேறொன்று சொல்லும். ஹார்ன் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கும். இவற்றின் கூட்டில்தான் பொருள் இருக்கிறது. முதல் தடவை கேட்கும் நம் காது திணறுவது இங்கேதான். அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இதற்கு வழி, ஒரு பகுதியைப் பல முறை கேட்பது. முதல் முறை அடியில் ஓடும் டபுள் பாஸையும் செல்லோவையும் மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அடுத்த முறை உச்சியில் ஓடும் வயலினை. பிறகு நடுவில் இருக்கும் வயோலா, கிளாரினெட், ஹார்ன். கடைசியாக எதையும் பிடிக்காமல் முழுவதையும் கேளுங்கள். நாற்பதாண்டுகளாகத் திரைப்பாடல் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இது கைக்கெட்டும் பயிற்சிதான். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்ற இளையராஜா, பாட்டுக்கு அடியில் வேறொரு பாட்டு ஓடுவதை நம் காதுக்குப் பழக்கிவிட்டிருக்கிறார். 1986இல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பிலும், புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவோடு 2005இல் வெளியிட்ட திருவாசகத்திலும் தொடங்கலாம். அங்கிருந்து மற்றவற்றுக்குப் போகலாம்.

இந்தப் பல கோடுகளையும் சேர்த்துப் பிடிப்பவர் நடத்துநர். அவர் முன்னால் இருக்கும் பெரிய ஏட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி உண்டு. பெரும்பாலும் வலக்கை தாளம் காட்டும். இடக்கை யார் எழ வேண்டும், யார் அடங்க வேண்டும் என்று சொல்லும். கூத்து வாத்தியார் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய ஒரு ஜமாவைக் கொண்டுசெலுத்துவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொறுப்பின் கனம் தெரியும்.

செஞ்சியில் நாம் செய்யக்கூடியது

1936இல் புரோகோபியெவ் மாஸ்கோவின் குழந்தைகள் நாடக அரங்குக்காக 'பீட்டரும் ஓநாயும்' எழுதினார். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன், வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்கு டிம்பனியும் பெருமுரசும், சிறுவன் பீட்டருக்குத் தந்திகள். கதை கேட்டுக்கொண்டே குழந்தைகள் கருவிகளின் குரலைக் கற்றுவிடுகிறார்கள். உலகமெங்கும் பள்ளிகளில் இது பயன்படுகிறது.

நம்மிடம் இதற்கு இணையான செல்வம் இருக்கிறது. திரௌபதி வழிபாட்டின் நடுநிலம் இந்தச் செஞ்சிப் பகுதி. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் அந்த வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பிலேயே செஞ்சியின் பெயர் இருக்கிறது. அந்த வழிபாட்டையொட்டி ஆடும் பாரதக் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: திரைக்குப் பின்னால் நின்று பாடியபடி வரும் துரியோதனனுக்கு எந்தக் கருவி? டிராம்போனா, டியூபாவா? சபையில் முறையிடும் திரௌபதிக்கு ஓபோவா, செல்லோவா? கட்டியக்காரனுக்குப் பசூன் பொருந்துமா? அருச்சுனன் தபசு மரம் ஏறும்போது எந்தக் குழல் ஏற வேண்டும்? இந்தக் கேள்விகளை வகுப்பில் கேட்டு, ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டி, பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். காரணத்தையும் அவர்களே சொல்லட்டும். காரணம் சொல்லத் தொடங்கிய பிள்ளை, கேட்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்த அவைக்கு மூன்று வேண்டுகோள்கள். பள்ளிகளில் வாரம் ஒரு பாடவேளையைக் கேட்பதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு நல்ல ஒலிபெருக்கி போதும். அந்த வேளைக்கு நம் நாயனக் கலைஞரையும் முகவீணைக் கலைஞரையும் பேண்டு செட்டின் கிளாரினெட் கலைஞரையும் உரிய மதிப்பூதியம் கொடுத்து அழைத்து வாருங்கள். சீவாளியைப் பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்க்கட்டும். பிறகு, கற்க விரும்பும் பிள்ளைக்குக் கருவி கிடைக்க இந்த அறக்கட்டளை போன்ற அமைப்புகள் துணை நிற்கட்டும். சென்னையில் ஏ.ஆர்.ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா, வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் இந்தக் கருவிகளைக் கற்றுக்கொடுத்துக் காட்டியிருக்கிறது. வசதி இல்லாத வீட்டில் காது இல்லாமல் போவதில்லை.

மேளமும் கூத்தும் நம் பிள்ளைகளுக்கு முதல் பள்ளி. அதில் தேர்ந்த காது உலகத்தின் எந்த மேடையையும் அஞ்சாமல் கேட்கும். கேட்டதை வைத்துப் புதிதாகப் படைக்கவும் செய்யும். அடுத்த சிம்பொனியை எழுதப் போகிறவர் இந்த வட்டாரத்தின் ஏதோ ஒரு பள்ளியில் இன்று படித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியதைச் செய்யும் கடமை பெரியவர்களாகிய நமக்கு இருக்கிறது.